நகல் வேறு, போலி வேறு



பி.காம் படிக்கிறவனுக்கும் பழைய ஏர் ரைஃபிளுக்கும் என்னடா சம்பந்தம்னு கேக்கறீங்களா? நியாயமான கேள்விதான். மெரினாவுல பலூன் சுட்டதைத் தவிர எனக்குத் துப்பாக்கி அனுபவம் எதுவும் கிடையாது. அதுலயும் பலூன்காரர் முகத்துல ஒரு சந்தோஷம் தெரிஞ்சுதே தவிர, பலூன் ஒண்ணும் உடையல. :-)

ஆனா ஒரு பழைய பொருள், அதுக்கு ஒரு விலை, விக்கிறவனுக்குத் தெரிஞ்சது வாங்குறவனுக்குத் தெரியாதது, நடுவுல ஒரு சின்னப் பொய். இதெல்லாம் சேர்ந்துட்டா அது எங்க டிபார்ட்மெண்ட் சமாச்சாரம். கொஞ்ச நாளா இதைப் பத்திதான் படிச்சுக்கிட்டு இருக்கேன். படிச்சதுல எனக்கு ஒரு கட்சி உருவாகிடுச்சு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதல்ல சண்டை என்னன்னு சொல்லிடறேன்.

இங்கிலாந்து, ஜெர்மனி, அமெரிக்கா பக்கம் ஐம்பது வருஷம், நூறு வருஷம் பழைய ஏர் ரைஃபிள்களைத் தேடித் தேடிச் சேகரிக்கிறவங்க நிறைய இருக்காங்க. நாம ஸ்டாம்பு, பழைய நாணயம் சேர்க்கிற மாதிரி. பி.எஸ்.ஏ., வெப்ளி, டயானா, டெய்சி இதெல்லாம் அந்த உலகத்துல பெரிய பேருங்க. பர்மிங்காம்ல லிங்கன் ஜெஃப்ரிஸ்னு ஒரு துப்பாக்கிக்காரர் 1904ல வாங்கின காப்புரிமையை வெச்சு, அடுத்த வருஷத்துல இருந்து பி.எஸ்.ஏ. தொழிற்சாலை ஏர் ரைஃபிள் செய்ய ஆரம்பிச்சுது. அந்தக் காலத்துத் துப்பாக்கிகள் இன்னைக்கும் சுடுது. அதுதான் ஆச்சரியம்.

ஆனா அதைச் செஞ்ச இடம் பழைய மாதிரி இல்ல. பி.எஸ்.ஏ. துப்பாக்கிக் கம்பெனியை 1986ல ஸ்பெயின் நாட்டு காமோ வாங்கிடுச்சு. வெப்ளி அண்ட் ஸ்காட் 2005ல பர்மிங்காம் தொழிற்சாலையை மூடிடுச்சு. பேரு மட்டும் கைமாறிப் போச்சு. அப்ப 1930கள்ல செஞ்ச ஒரு வெப்ளிக்கு ஸ்பிரிங் உடைஞ்சா எங்க போறது? ஒரு திருகாணி தொலைஞ்சா யாரைக் கேக்கறது?

இங்கதான் ரீப்ரோ ஆசாமிகள் வர்றாங்க. வீட்டுக்குப் பின்னாடி ஒரு லேத், ஒரு மில்லிங் மெஷின். பழைய பாகத்தை அளவெடுத்து அச்சு அசலா இன்னொண்ணு கடைஞ்சு குடுப்பாங்க. ஸ்பிரிங், தோல் வாஷர், திருகாணி, குறி பார்க்கிற சைட், சில சமயம் மரக்கட்டை முழுசா. நம்ம ஊர்ல இதை "லோக்கல் ஸ்பேர்"னு சொல்லுவோம்.

சேகரிப்பாளர்கள்ல ஒரு கோஷ்டி இதைக் கண்டாலே காதைப் பொத்திக்கும். "ஒரு ஸ்க்ரூ மாத்தினாலும் அது ஒரிஜினல் இல்ல" அப்படீங்கறது அவங்க வாதம். இன்னொரு கோஷ்டி, "துப்பாக்கின்னா சுடணும், சுடாத துப்பாக்கி கம்பி வெச்ச கட்டை" அப்படீங்குது.

என் கட்சி என்னன்னா: நகல் பாகம் மாட்டுறது தப்பே இல்ல. பல நேரம் அதுதான் அசலைக் காப்பாத்துது. ஆனா அடையாளம் இல்லாத நகல் பாகம், இன்னைக்கு யாரும் பொய் சொல்லலேன்னாலும், நாளைக்கு ஒரு பொய்யா மாறிடும். சண்டை நகல் பாகத்தோட இல்ல, அடையாளம் போடாததோட இருக்கணும்.

சரி, மேட்டருக்குள்ள போவோம்.

தேயறதுக்குன்னே பிறந்த பாகங்கள்

ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் வேலை செய்யற விதம் ரொம்ப எளிமை. குழலையோ கீழே இருக்கிற லிவரையோ மடக்கினா உள்ளே ஒரு பிஸ்டன் பின்னாடி போகும், பெரிய ஸ்பிரிங் ஒண்ணு அமுங்கும். விசையை அழுத்தினா ஸ்பிரிங் விடுபட்டு பிஸ்டனை முன்னாடி தள்ளும். சிலிண்டர்ல இருக்கிற காத்து அமுங்கி, ஒரு சின்ன ஓட்டை வழியா சீறிப் போய் ஈயக் குண்டைத் தள்ளும். அவ்வளவுதான். சைக்கிள் பம்பை ஒரே அடியில அடிக்கிற மாதிரி.

இதுல பிஸ்டன் முனையில ஒரு சீல் இருக்கும். பழசுல அது தோல் வாஷர். எண்ணெய் காஞ்சுட்டா தோல் சுருங்கிடும், காத்து ஒழுகும். காத்து ஒழுகினா பிஸ்டனுக்கு முன்னாடி மெத்தை மாதிரி நிக்க வேண்டிய காத்து இருக்காது. பிஸ்டன் நேரா சிலிண்டர் சுவத்துல போய் மோதும். அதே மாதிரி ஸ்பிரிங் உடைஞ்சா, உடைஞ்ச முனை சிலிண்டர் உள்பக்கத்தைக் கீறிக்கிட்டே இருக்கும்.

கவனிச்சீங்களா? "ஒரிஜினல் ஸ்பிரிங், ஒரிஜினல் வாஷர், கை வைக்க மாட்டேன்"னு ஒருத்தர் அப்படியே சுட்டுக்கிட்டு இருந்தா, அவர் அழிக்கிறது மாத்தவே முடியாத ஒரிஜினல் சிலிண்டரை. பத்து ரூபா பொருளைக் காப்பாத்த ஆயிரம் ரூபா பொருளைத் தேய்க்கிறார்.

எங்க பாடத்துல இதுக்கு ஒரு அழகான விஷயம் இருக்கு. கம்பெனிகள் சட்டம் 2013, இரண்டாவது அட்டவணை. ஒரு சொத்துல முக்கியமான ஒரு பாகத்தோட ஆயுள், மொத்தச் சொத்தோட ஆயுள்ல இருந்து வேறுபட்டா, அந்தப் பாகத்துக்குத் தனியா ஆயுள் கணக்கு போடணும். விமானத்தோட உடம்பு வேற, எஞ்சின் வேற. ரெண்டுக்கும் ஒரே தேய்மானம் போட்டா கணக்கு பொய்யாகிடும்.

ஏர் ரைஃபிளும் அப்படித்தான். தோல் வாஷர் சில வருஷம். ஸ்பிரிங் இன்னும் கொஞ்சம் கூட. சிலிண்டர், குழல், கட்டை இதெல்லாம் நூறு வருஷம் தாண்டும். எல்லாத்தையும் ஒரே தராசுல வெச்சு "ஒரிஜினல்"னு எடை போடறதுல அர்த்தமே இல்ல. செஞ்சவனே "இது தேயும், மாத்திக்கோ"ன்னு செஞ்ச பாகம் அது. அவனோட அசல் எண்ணமே அதை மாத்தறதுதான்.

இன்னும் மோசமான உதாரணம் ஒண்ணு. ஜெர்மனியோட ஃபைன்வெர்க்பாவ் 124. 1970கள்ல ரொம்பப் பேர் வாங்கின அருமையான ரைஃபிள். அதோட தொழிற்சாலை பிஸ்டன் சீல் ஒரு மாதிரி செயற்கைப் பொருள்ல செஞ்சது. வருஷம் ஆக ஆக, சுட்டாலும் சுடலேன்னாலும், பீரோவுல சும்மா வெச்சிருந்தாலும், அது தானா உதிர்ந்து மெழுகுத் துண்டு மாதிரி ஆகிடும். டயானாவோட பழைய போட்டி மாடல்கள் சிலதுலயும் இதே கதைதான். பிரிச்சுப் பார்த்தா பிஸ்டன் முனையில பழுப்புத் தூள்தான் இருக்கும். இப்ப இதுல "ஒரிஜினல் சீல்" வேணும்னு அடம் பிடிக்கிறவர் எதை வெச்சுக்கப் போறார், ஒரு பொட்டலம் தூளையா?

அந்த மாடல்கள் இன்னைக்கும் உயிரோட இருக்குன்னா, வேற பொருள்ல புது சீல் செஞ்சு வித்த ஆட்களாலதான்.

"ஒரிஜினல்"ங்கறதே ஒரு பிராண்டு!

இது எனக்கு ரொம்பப் பிடிச்ச தமாஷ்.

டயானா துப்பாக்கிகளைச் செஞ்சது ஜெர்மனியில ராஸ்டாட் ஊர்ல இருந்த மேயர் உண்ட் கிராமெல்ஸ்பாகர். 1890ல ஆரம்பிச்ச கம்பெனி. இரண்டாம் உலகப்போர் முடிஞ்சதும் ஜெர்மனி தோத்த கணக்குல, அந்தத் தொழிற்சாலையோட மெஷின்களும் டயானாங்கற பேரும் பிரிட்டன் பக்கம் போயிடுச்சு. ஸ்காட்லாந்துல மில்ப்ரோன்னு ஒரு கம்பெனி அந்த மெஷின்களை வெச்சு, அதே பேர்ல "டயானா" துப்பாக்கி செஞ்சு வித்துது.

ஜெர்மன்காரங்க மறுபடி தொழிலை ஆரம்பிச்சப்ப, பிரிட்டன்ல தன்னோட சொந்தப் பேர்லயே விக்க முடியல. என்ன பேர் வெச்சாங்க தெரியுமா? "ஒரிஜினல்"! நிஜமாங்க. துப்பாக்கி மேலயே "ஒரிஜினல்"னு பொறிச்சு வித்தாங்க. 1980கள்லதான் டயானாங்கற பேர் அவங்களுக்குத் திரும்பக் கிடைச்சுது.

இப்ப சொல்லுங்க, எது அசல் டயானா? ஜெர்மனியில இருந்து போன மெஷின்ல, டயானா முத்திரையோட ஸ்காட்லாந்துல செஞ்சதா? இல்ல டயானாவைக் கண்டுபிடிச்ச கம்பெனி வேற பேர்ல செஞ்சதா? ஸ்காட்லாந்துத் துப்பாக்கிக்கு ஜெர்மன் பாகம் மாட்டினா அது நகலா, வீடு திரும்பினதா?

கண்ணைக் கட்டுது இல்ல? ஆனா சேகரிப்பாளர்கள் இதுல குழம்பறதே இல்ல. ரெண்டையும் தனித்தனியாச் சேகரிக்கிறாங்க, தனித்தனியா மதிக்கிறாங்க. ஏன்னா ரெண்டு மேலயும் எது எங்க செஞ்சதுன்னு அடையாளம் இருக்கு. அடையாளம் இருந்தா குழப்பம் இல்ல, வெறும் வரலாறுதான்.

கறிக்கடைக் கணக்கு

இனி கொஞ்சம் காசு கணக்கு. ஒரிஜினல் மட்டுமே வேணும்னு அடம் பிடிக்கிறதுல இருக்கிற பெரிய ஆபத்து இதுதான்னு நான் நினைக்கிறேன்.

ஒரு பழைய ரைஃபிள்ல பின் சைட் மட்டும் இல்லேன்னு வெச்சுக்குவோம். குறை இருக்கிறதால அது 200 பவுண்டுக்குத்தான் போகும். ஆனா அதைப் பிரிச்சு குழல் தனி, கட்டை தனி, விசை செட் தனி, சிலிண்டர் தனின்னு வித்தா மொத்தம் 300 கிடைக்கும்னு வைங்க. (சும்மா ஒரு கணக்குக்குச் சொல்றேன், சந்தை நிலவரம் இல்ல.) வியாபாரி என்ன செய்வான்? பிரிப்பான். கறிக்கடை மாதிரி துண்டு போட்டு விப்பான். உண்மையிலேயே இது நடக்குது. நூறு வருஷம் ஒண்ணா இருந்த பொருள் ஒரே சாயங்காலத்துல அஞ்சு பார்சலாப் போயிடும்.

துண்டை யார் வாங்கறா? தன் துப்பாக்கிக்கு "ஒரிஜினல் பாகம்தான் வேணும்"னு தேடற அதே ஆள்தான்! அவர் துப்பாக்கி முழுமையாக, இன்னொரு துப்பாக்கி இல்லாமலே போகுது. ஒண்ணோட அசல்தன்மைக்காக இன்னொண்ணு பலி.

இப்ப அந்தப் பின் சைட்டை ஒருத்தர் நல்லபடியா நகல் எடுத்து 40 பவுண்டுக்குத் தர்றார்னு வைங்க. நகல் சைட்டுன்னு சொல்லியே வித்தாலும் முழுத் துப்பாக்கி 350க்குப் போகும்னா, செலவு போக 310. பிரிச்சு வித்தா வர்ற 300ஐ விடக் கூட. பார்சல் கட்டற வேலையும் இல்ல. துப்பாக்கி பிழைச்சுது. அந்த 40 பவுண்டு சைட் ஒரு முழு அசலைக் காப்பாத்தியிருக்கு.

வெப்ளியோட மார்க் 2 சர்வீஸ் ரைஃபிளை எடுத்துக்குங்க. 1930கள்ல வந்தது. ஒரே துப்பாக்கிக்கு .177, .22, .25 அப்படீன்னு மூணு அளவுக் குழல்களைக் கழட்டி மாட்டலாம். மூணு குழலும் ஒண்ணா இருக்கிற செட்டுன்னா மவுசு தனி. அப்படிப்பட்ட செட்டைப் பிரிக்கணும்னு தோணாம இருக்க, சந்தையில நல்ல நகல் பாகம் கிடைக்கிறது ஒண்ணுதான் வழி.

எலுமிச்சைச் சந்தை

அப்ப நகல் பாகத்தால கெடுதலே இல்லையா? இருக்கு. பெரிய கெடுதல் இருக்கு.

ஜார்ஜ் அகர்லாஃப்னு ஒரு பொருளாதார நிபுணர் 1970ல ஒரு கட்டுரை எழுதினார். பழைய கார் சந்தையைப் பத்தி. அமெரிக்காவுல ஓட்டைக் காரை "லெமன்", அதாவது எலுமிச்சைன்னு சொல்லுவாங்க. அவர் சொன்னது இதான்: விக்கிறவனுக்கு மட்டும் காரோட லட்சணம் தெரியும், வாங்குறவனுக்குத் தெரியாது. அதனால வாங்குறவன் எல்லாத்துக்கும் ஒரு நடுத்தர விலைதான் சொல்லுவான். நல்ல கார் வெச்சிருக்கிறவன் "இந்த விலைக்கா?"ன்னு சந்தையை விட்டுப் போயிடுவான். மிச்சம் இருக்கிறது ஓட்டைக் கார்தான். இதுக்கு 2001ல அவருக்கு (இன்னும் ரெண்டு பேரோட சேர்த்து) நோபல் பரிசு குடுத்தாங்க.

பழைய ஏர் ரைஃபிள் சந்தைக்கு இதை அப்படியே ஒட்டிப் பாருங்க. முழு அசல் 500 போகும், நகல் பாகம் போட்டது 300 போகும்னு வைங்க. நகல் ரொம்ப நல்லா இருக்கு, வித்தியாசமே தெரியல. அப்ப வாங்குறவர் என்ன பண்ணுவார்? "எதுக்கு வம்பு"ன்னு எல்லாத்துக்கும் 400தான் தருவார். முழு அசல் வெச்சிருக்கிறவர் விக்காம பீரோவுலயே பூட்டி வெச்சுடுவார். சந்தையில சந்தேகம் மட்டும்தான் மிஞ்சும்.

இதுல ஒரு விசித்திரம் இருக்கு. நகல் எவ்வளவு நல்லா இருக்கோ அவ்வளவு கெடுதல்! மட்டமான நகலைப் பார்த்தவுடனே கண்டுபிடிச்சுடலாம். அற்புதமான நகல்தான் ஆபத்து. கைத்திறமை இருக்கிறவர்தான் தன்னை அறியாம சந்தையைக் கெடுக்கிறார்.

அதுக்காகத் திறமையைக் குறைச்சுக்கச் சொல்ல முடியுமா? முடியாது. ஒரு எழுத்து பொறிக்கச் சொல்லலாம்.

என் ரூம்மேட் மெக்கானிக்கல். அவன்கிட்ட இதைப் பேசிக்கிட்டு இருந்தேன். "டேய், லேத்ல ஒரு மணி நேரத்துல கடையற சாமானுக்கு என்னடா ஒரிஜினல், டூப்ளிகேட்டு? அளவு சரியா இருந்தா முடிஞ்சுது"ன்னான். "அதை நீ கடைஞ்சேன்னு உள்பக்கம் ஒரு எழுத்து போட எவ்வளவு நேரம்டா ஆகும்?"னு கேட்டேன். "அஞ்சு நிமிஷம்"னான். பிரச்சனையே அந்த அஞ்சு நிமிஷம்தான் மக்களே.

உண்மை நகல்

நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு விஷயம். மார்க் ஷீட்டை ஜெராக்ஸ் எடுத்து, ஒரு அதிகாரிகிட்ட "உண்மை நகல்"னு முத்திரை வாங்கிக் குடுத்திருப்போம். அதே ஜெராக்ஸ் மெஷின்ல, அதே காகிதத்துல, அசல் மாதிரியே ஒரு மார்க் ஷீட்டைத் தயாரிச்சு "இதுதான் ஒரிஜினல்"னு நீட்டினா? ஜெயில். காகிதம் ஒண்ணு, மை ஒண்ணு. முதல்ல சொன்னது தான் நகல்னு தானே சொல்லிக்குது. ரெண்டாவது சொல்லல. நகல் வேறு, போலி வேறுன்னு நான் தலைப்பு வெச்சதுக்குக் காரணம் இதுதான்.

நாணயம் சேகரிக்கிறவங்க உலகத்துல இதை ரொம்ப நாள் முன்னாடியே புரிஞ்சுக்கிட்டாங்க. அமெரிக்காவுல 1973ல ஒரு பொழுதுபோக்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துது. பழைய நாணயத்தோட நகல் செஞ்சா அது மேல "நகல்"னு அழியாம பொறிச்சே ஆகணும். செய்யாதேன்னு சட்டம் சொல்லல. செய், ஆனா சொல்லுன்னு சொல்லுது. அந்தச் சட்டம் நாணயம், அரசியல் பேட்ஜ் மாதிரி விஷயங்களோட நின்னுடுது. துப்பாக்கி ஸ்பிரிங், சைட்டுக்கெல்லாம் அது வராது. சட்டம் வரணும்னு நான் கேக்கல. சேகரிப்பாளர்களும் பட்டறைக்காரர்களும் ஒரு வழக்கமா வெச்சுக்கிட்டாலே போதும்.

"அவ்வளவு முக்கியமா? யாருக்குமே ஞாபகம் இருக்காதா?"ன்னு கேப்பீங்க. ஒரு உதாரணம் சொல்றேன். அமெரிக்காவோட டெய்சி கம்பெனி ரெட் ரைடர்னு ஒரு பிபி துப்பாக்கி செய்யுது. 1983ல "எ கிறிஸ்மஸ் ஸ்டோரி"ன்னு ஒரு படம். அதுல வர்ற பையன் ஆசைப்படற ரெட் ரைடர்ல கட்டையில ஒரு திசைகாட்டியும் ஒரு சூரியக் கடிகாரமும் இருக்கும். உண்மையில ரெட் ரைடர்ல அது ரெண்டும் இருந்ததே இல்ல. 1930கள்ல டெய்சியோட வேற ஒரு மாடலான பக் ஜோன்ஸ்லதான் இருந்துது. கதை எழுதினவரோட ஞாபகத்துல ரெண்டும் ஒட்டிக்கிச்சு. படத்துக்காகவே டெய்சி தனியாச் செஞ்சு குடுத்துது. அப்புறம் நினைவுப் பதிப்புன்னு அப்படியே வித்துது.

இப்ப எத்தனை பேருக்கு "அசல் ரெட் ரைடர்"னா திசைகாட்டி வெச்சதுன்னு தோணும்? இல்லாத பாகம் அசலாயிடுச்சு! இத்தனைக்கும் இதுல யாரும் யாரையும் ஏமாத்தல. இது பெரிய கம்பெனி, எழுத்துப் பூர்வமா விவரம் இருக்கு, அதனால தெரியுது. யாரோ ஒருத்தர் பட்டறையில அடையாளம் போடாமச் செஞ்ச சைட்டுக்கு அந்த விவரம் எங்க இருக்கும்? செஞ்சவர் காலமானதும் அது "1912 ஒரிஜினல்" ஆகிடும்.

அடுத்த கட்சிக்கும் நியாயம் உண்டு

அசல்வாதிகளை ரொம்பத் திட்டிட்டேன். அவங்க சொல்றதுல சரியானதும் இருக்கு, சொல்லிடணும்.

ஒண்ணு, திரும்ப எடுக்க முடியாத வேலை. ஸ்பிரிங்கை மாத்தினா நாளைக்குப் பழசை எடுத்து மாட்டிக்கலாம். ஆனா இரும்பைப் பாலிஷ் போட்டுப் புதுசா கருநீலம் ஏத்தினா? பழைய நிறம் போனது போனதுதான். பாலிஷ்ல முனைகள் மழுங்கும், பொறிச்ச எழுத்துகள் தேயும். மேக்கப் போட்ட தாத்தா மாதிரி ஆகிடும். இந்த விஷயத்துல நான் முழுக்க அசல்வாதி.

ரெண்டு, மரை. பழைய பிரிட்டிஷ் மரை அளவுகள் வேற, இன்னைக்கு மெட்ரிக் மரை வேற. பார்க்க ஒரே மாதிரி இருக்கேன்னு ஒரு மெட்ரிக் திருகாணியை முறுக்கி இறக்கினா, அழியறது திருகாணி இல்ல, துப்பாக்கியோட அசல் மரை. இப்படி நகல் பாகம் அசலையே தின்னுடும். மலிவு நகல் மேல அவங்களுக்கு இருக்கிற கோபம் இங்க நூத்துக்கு நூறு சரி.

மூணு, பொருளோட மதிப்புங்கறது இரும்புல மட்டும் இல்ல, அதோட கதையிலயும் இருக்கு. வால்தர் எல்.பி.53ன்னு ஒரு ஏர் பிஸ்டல். தொழிற்சாலையில வரிசையாச் செஞ்சது. "ஃப்ரம் ரஷ்யா வித் லவ்" படத்துக்கு விளம்பரப் படம் எடுக்கறப்ப ஜேம்ஸ் பாண்டோட துப்பாக்கியைக் கொண்டுவர மறந்துட்டாங்க. போட்டோகிராபர் டேவிட் ஹர்ன் தன்னோட ஏர் பிஸ்டலை ஷான் கானரி கையில குடுத்து எடுத்துட்டார். அந்த பிஸ்டல் 2010ல கிறிஸ்டீஸ் ஏலத்துல 2,77,250 பவுண்டுக்குப் போச்சு! அது மாதிரியே இருக்கிற வேற எல்.பி.53க்கு அதுல ஒரு துளி கூடக் கிடைக்காது. வாங்கினவர் இரும்பை வாங்கல. "இதேதான் அது"ங்கற நிச்சயத்தை வாங்கினார். அந்த நிச்சயத்தைக் குலைக்கிற எதுவும் மதிப்பைக் குலைக்கும். சத்தியமான வார்த்தை.

ஆனா அந்த நிச்சயத்துக்கு, மாத்தாத பாகம்தான் வேணும்னு அவங்க நினைக்கிறாங்க பாருங்க, அங்கதான் நான் பிரியறேன். ஏன்னு சொல்ல ஒரு கதை இருக்கு.

மாத்தின ஸ்பிரிங் சொன்ன சாட்சி

1804ல லூயிஸ், கிளார்க்னு ரெண்டு அமெரிக்க ராணுவ அதிகாரிகள் தலைமையில ஒரு குழு மேற்குக் கடல் வரைக்கும் நாட்டைக் கடந்து போச்சு. லூயிஸ் கையில ஒரு ஏர் ரைஃபிள் இருந்துது. புகை வராது, வெடிச் சத்தம் வராது. வழியில பார்த்த பழங்குடி மக்கள் முன்னாடி சுட்டுக் காட்டி அசத்தறது அவர் வழக்கம். 1805 ஜூன் 10ஆம் தேதி அவர் நாட்குறிப்புல ஒரு விஷயம் வருது: குழுவுல இருந்த ஷீல்ட்ஸ்ங்கற கொல்லர், அந்த ஏர் ரைஃபிளோட மெயின் ஸ்பிரிங்கைப் புதுசா மாத்தினார். நடுக்காட்டுல, கையில கிடைச்ச இரும்புல செஞ்ச லோக்கல் ஸ்பேர்!

ரெண்டு நூற்றாண்டு ஓடிப்போச்சு. ராபர்ட் பீமன்னு அமெரிக்க ஏர்கன் உலகத்துல பேர் போன ஒருத்தர்கிட்ட ஒரு ஜிராண்டோனி ரைஃபிள் இருந்துது. 1780கள்ல ஆஸ்திரிய ராணுவத்துல இருந்த வகை. பின்கட்டை இருக்க வேண்டிய இடத்துல காத்து அடைச்ச கலம் இருக்கும், வரிசையா இருபது குண்டு சுடலாம். நகல் துப்பாக்கி செய்யறதுக்காகக் கைவினைஞர்கள் அதைக் கழட்டி அளவெடுத்தாங்க. உள்ளே பார்த்தா பழைய காலத்துல ரிப்பேர் பார்த்த தடங்கள். அதுல ஒண்ணு, மெயின் ஸ்பிரிங். தொழிற்சாலை ஸ்பிரிங் இல்ல. அரத்தை அடிச்சு வளைச்சுச் செஞ்ச ஸ்பிரிங்.

நாட்குறிப்போட இது பொருந்துதேன்னு, லூயிஸ் கொண்டுபோன துப்பாக்கி இதுதான்னு பீமன் வாதாடினார். எல்லாரும் ஒத்துக்கிட்டாங்கன்னு சொல்ல முடியாது, அது அறிஞர்கள் சண்டை. ஆனா துப்பாக்கியை அவர் பென்சில்வேனியாவுல கார்லைல் ஊர்ல இருக்கிற ராணுவ அருங்காட்சியகத்துக்கே குடுத்துட்டார்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அந்தத் துப்பாக்கி "தூய அசலா" இருந்திருந்தா, ஆஸ்திரியாவுல போட்ட ஸ்பிரிங்கே உள்ள இருந்திருந்தா, பீமன் வாதத்தோட முக்கியமான தூணே இருந்திருக்காது. மாத்தின பாகம்தான் அடையாளம் சொல்லுது. அதையும் யார் கண்டுபிடிச்சா? நகல் செய்ய வந்தவங்க!

அந்த ஸ்பிரிங் ஏன் சாட்சி சொல்ல முடிஞ்சுது? அது தொழிற்சாலை ஸ்பிரிங் மாதிரி நடிக்கல. அரத்துல செஞ்சதுன்னு பார்த்தாலே தெரியற மாதிரி இருந்துது. அதோட, மாத்தின அன்னைக்கே ஒருத்தர் எழுதியும் வெச்சார். நான் கேக்கறதும் இந்த ரெண்டைத்தான்.

அதனால நான் சொல்றது

1. ஸ்பிரிங், சீல், வாஷர்: தயங்காம மாத்துங்க. அளவு, மரை சரியா இருக்கட்டும். கழட்டின பழசைத் தூக்கிப் போடாம ஒரு கவர்ல போட்டுத் துப்பாக்கியோடவே வையுங்க. விக்கும்போது கவரும் கூடப் போகட்டும்.

2. சைட், திருகாணி, லிவர், கட்டை: நகல் போடலாம். ஆனா செஞ்சவரோட எழுத்தும் வருஷமும் கண்ணுக்குத் தெரியாத உள்பக்கத்துல பொறிச்சிருக்கணும். வெளியழகு கெடாது, கழட்டினா உண்மை தெரியும்.

3. கம்பெனி முத்திரை, வரிசை எண், காப்புரிமை எழுத்து: இதைத் திரும்பப் பொறிக்கவே கூடாது. தேஞ்சு போயிருந்தா தேஞ்சே இருக்கட்டும். பாகம் நகல் ஆகலாம், கையெழுத்து நகல் ஆகக் கூடாது. அதுக்குப் பேர் போலி.

4. ஒரு துண்டுச் சீட்டு. எந்தத் தேதி, எதை மாத்தினது, யார் செஞ்சது. மூணு வரி போதும். லூயிஸ் காட்டுக்குள்ள உக்காந்து எழுதினார், நாம ஃபேனுக்கு அடியில உக்காந்து எழுத முடியாதா?

இதுல செலவு கிட்டத்தட்ட ஒண்ணும் இல்ல. ஆனா விக்கிறவருக்கு ஒரு பயம் இருக்கும், சொன்னா விலை குறையுமேன்னு. குறையும்தான். ஆனா எல்லாரும் சொல்ல ஆரம்பிச்சா, சொல்லாத துப்பாக்கிக்குத்தான் சந்தேக விலை விழும். அன்னைக்கு அந்தத் துண்டுச் சீட்டுக்கே ஒரு மதிப்பு வந்துடும். ஆடிட் பண்ண கணக்குக்கு வங்கி கடன் குடுக்கிற மாதிரி.

பட்டறைக்காரர்களுக்கும் இதுல லாபம் இருக்கு. இன்னைக்கு அவங்க வேலை நல்லா இருந்தா யாருக்கும் தெரியாது, மோசமா இருந்தாத்தான் பேர் வருது. எழுத்து பொறிச்சா, அம்பது வருஷம் கழிச்சு ஒருத்தன் கழட்டிப் பார்த்து "அட, யாருய்யா இந்த மனுஷன், என்னமா கடைஞ்சிருக்கான்"னு சொல்லுவான். இன்னைய நகல்காரர் நாளைய சேகரிப்புப் பொருளாகவும் ஆகலாம். யாரு கண்டா?

உங்க வீட்டுல தாத்தா காலத்து கடிகாரம், ரேடியோ, சைக்கிள் ஏதாவது இருந்து, பாகம் மாத்தி ஓடிக்கிட்டு இருக்கா? மாத்தினது யாருக்காவது ஞாபகம் இருக்கா? எங்கேயாவது எழுதி வெச்சிருக்கீங்களா? சொல்லுங்க, கேக்க ஆசை.

டிஸ்கி: பழைய ஏர் ரைஃபிள்ல "பவர் ஏத்தறேன்"னு பெரிய ஸ்பிரிங் போடற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். பழைய லிவரும் கொக்கியும் அந்த அழுத்தத்துக்குச் செஞ்சதில்ல, உடையும். கூடவே இங்கிலாந்துல ஏர் ரைஃபிள் 12 அடி-பவுண்டு சக்தியைத் தாண்டினா துப்பாக்கி உரிமம் வேணும். ஓட வைக்கிறது வேற, ஓட ஓட விரட்டறது வேற. :-)